சல்லடைப் பின்னல் குறித்து ஒரு விளக்கம்

என்னோடு ஒரே பள்ளியில் படித்து, ஏறக்குறைய ஒரே ஆண்டில் ஓய்வு பெற்று, இப்போது ஒரே வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற மாதம் நம் பழைய மாணவர் கூட்டத்தில், சாப்பாட்டுப் பந்தியில், உங்களில் ஒருவர் என்னைச் சுட்டிக்காட்டி ஒரு செய்தி சொன்னார். "இவன் அக்காவைப் பொண்ணு பாக்க வந்தவங்க, பொண்ணு வேணாம், பையனத்தான் புடிச்சிருக்குனு சொல்லிட்டுப் போய்ட்டாங்க" என்பது அந்தச் செய்தி. பந்தி முழுதும் சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர்கூட சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்துவிட்டேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து, துணை முதல்வராக ஓய்வு பெற்றவன் நான். என்னைப் பற்றி ஒரு கதை ஊரில் உலவியே தீரும் என்றால், அது பிழையில்லாமல் உலவட்டும். அந்தச் செய்தி முழுப்பொய்யும் அன்று என்பதுதான் இதில் எனக்குள்ள சங்கடம்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. செங்கம் சாலையை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். அப்பா தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தர். மாடியில் இருந்த ஒற்றை அறையை ஆசிரமத்துக்கு வந்து தங்குவோருக்கு வாடகைக்கு விடுவது வழக்கம். அந்த ஆண்டு தை மாதம் ஒரு வெள்ளைக்கார அம்மையார் வந்து சேர்ந்தார். அவர் மௌன விரதத்தில் இருந்தார். பேசாதவருக்குக் காதும் கேட்காது என்று அப்பா எப்படியோ முடிவு செய்துவிட்டார். தண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும் என்பதை ஆங்கிலத்தில் இரண்டு முறை, எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி, அவருக்கு அறிவித்தார். அம்மையார் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்.

அவர் மடியில் எப்போதும் ஒரு நூல் கட்டை இருக்கும். தையற்கடையில் நூல் தீர்ந்ததும் எறிவார்களே, அந்த மரக் கட்டைதான். இரு முனையும் அகன்று, இடை சிறுத்து, நடுவே துளையோடு இருக்கும். மேல்முனையில் துளையைச் சுற்றி நான்கு சிறிய ஆணிகள் அடித்திருந்தார். கம்பளி நூலை ஆணிக்கு ஆணி சுற்றுவார்; மறுசுற்றை அதன் மேலே வைப்பார்; பிறகு கீழே கிடக்கும் வளையத்தை ஒரு கொண்டை ஊசியால் தூக்கி, ஆணித் தலையைத் தாண்டி உட்பக்கம் விட்டுவிடுவார். நான்கு ஆணிக்கும் இப்படியே. மீண்டும் ஒரு சுற்று. சற்று நேரத்தில் கட்டையின் அடித்துளை வழியாக, வால் முளைப்பது போல, பின்னல் எட்டிப் பார்க்கும்.

மூன்று நாள் மாடிப்படியில் நின்று பார்த்தேன். நான்காம் நாள் அவர் தம் அருகே தரையைத் தட்டினார். போய் உட்கார்ந்தேன். தவறாகச் சுற்றினால் என் விரலைப் பிடித்து நிறுத்துவார். சரியாகச் சுற்றினால் கண்ணை மூடிக்கொள்வார். கற்பித்தல் முறைகளைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் பின்னாளில் அமர்ந்திருக்கிறேன். ஒரு சொல்லும் இல்லாமல் அவர் கற்பித்த அளவுக்கு எதுவும் என் மண்டையில் ஏறியதில்லை.

தெருமுனைத் தையற்கடை பாய் எனக்கென்று நூல் கட்டைகளைச் சேர்த்துவைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் தையல் இயந்திரத்தின் எண்ணெய் வாசனை இருக்கும். முனையில் ஒட்டிய வட்டத் தாளில் தங்க நிற எழுத்துகள் பாதி அழிந்திருக்கும். அதில் ஆணி அடிப்பது கடினம். கொஞ்சம் அவசரப்பட்டாலும் கட்டை பிளந்துவிடும். பிளந்த கட்டையோடு நான் போய் நின்றபோதெல்லாம் பாய், நான் பனியன் கம்பெனி ஆரம்பித்தால் தம்மை மறந்துவிடக் கூடாது என்று சொல்லி அடுத்ததை எடுத்துக் கொடுத்தார்.

நூல் கட்டையில் கயிறு மட்டுமே வரும். எனக்கு அகலமாக ஏதாவது வேண்டியிருந்தது. தீர்ந்துபோன பவுடர் டப்பா ஒன்றின் இரு பக்கமும் வெட்டி எடுத்தேன். அக்காவின் ஹேர்பின் பதினாறை விளிம்பைச் சுற்றிப் பாதி வெளியே நிற்குமாறு வைத்து, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையத்தால் இறுக்கினேன். அந்த வாரம் அக்கா சணல் கயிற்றால் கொண்டையைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். டப்பாவில் பின்னியது குழந்தைகளின் காலுறை அளவுக்கு வந்தது; கம்பளி நூல் முழுதும் பவுடர் வாசனை ஏறியிருந்தது.

இவற்றின் பெருமையே கையோடு கொண்டுபோகலாம் என்பதுதான். ரேஷன் கடை வரிசையில் பின்னினேன். கிரிவலப் பாதையில் அப்பாவுக்குப் பத்தடி பின்னால் நடந்தபடி பின்னினேன். முடிவெட்டும் கடையில், போர்த்திய வெள்ளைத் துணிக்கடியில் என் கைகள் அசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்த முடிதிருத்துபவர் துணியைத் தூக்கிப் பார்த்தார். அந்த அவமானத்தை விவரிக்க விரும்பவில்லை.

பங்குனியில் வெயில் ஏறியதும் அம்மையார் ஊருக்குப் புறப்பட்டார். ஒரு துணிப்பை நிறையக் கம்பளி நூல் உருண்டைகளை என் கையில் கொடுத்தார், என் தலையைத் தொட்டார், போய்விட்டார். அவர் ஏறிய பேருந்து போன பிறகுதான் ஒன்று உறைத்தது. தொடங்குவதையும் தொடர்வதையும் சொல்லிக் கொடுத்தவர், முடிப்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆணியிலிருந்து வளையங்களைக் கழற்றினால் பின்னல் என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. அவர் மறந்துவிட்டார் என்றே பல காலம் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அவர் எதையும் முடித்து நான் பார்த்ததே இல்லை. ஜபமாலை உருட்டுவது போலத்தான் அவர் பின்னியிருக்க வேண்டும். முடிப்பது அவருடைய நோக்கத்திலேயே இருந்திருக்காது.

பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். இது ஒரு வேலையே இல்லை, வெட்டி ஒரு தையல் போட்டால் தீர்ந்தது என்றார். வெட்டினார். தையல் போட இயந்திரத்தின் அடியில் வைப்பதற்குள் ஒரு வளையம் அவிழ்ந்து, அடுத்ததை அவிழ்த்து, அது அதற்கடுத்ததை அவிழ்த்து, என் ஒரு மாத உழைப்பு அரை நிமிடத்தில் சுருள் சுருளான நூலாக அவர் காலடியில் கிடந்தது. பாய் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தார். "தம்பி, இருவது வருஷமா தைக்கறேன். இப்படி ஒரு துணி என்னை ஏமாத்தினதில்ல" என்றார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அது இரங்கல் டீ.

அதன் பிறகுதான் சல்லடை வந்தது. கண்ணி கிழிந்து பரணில் கிடந்த மாவுச் சல்லடை; சுற்றிலும் நல்ல மரவளையம். செருப்புத் தைப்பவரிடம் கேட்டு வாங்கிய ஆணிகளில் இருபத்து நான்கை அளந்து அடித்தேன். கோணத்தைக் கணக்கிட்டு இடைவெளி வைத்தது அக்காவின் ஜியாமெட்ரி பெட்டியைக் கொண்டு என்பதை மட்டும் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறேன். அதில் பின்னல் ஒரு பெரிய குழாயாக இறங்கியது. முடிக்கத் தெரியாது, நிறுத்திக் கழற்றினால் அவிழ்ந்துவிடும், ஆகவே நான் நிறுத்தவில்லை. சித்திரை போயிற்று. அக்னி நட்சத்திரத்தில், மின்விசிறி நின்ற மதியங்களில், மடி நிறையக் கம்பளியோடு உட்கார்ந்திருந்தேன். தொடை முழுதும் வேர்க்குரு. சிவப்பு தீர்ந்தால் பச்சை, பச்சை தீர்ந்தால் மஞ்சள். வைகாசியில் அது பதினேழு முழத்தை எட்டியது. அரிசிக் கோணிக்குள் சுருட்டி வைத்திருந்தேன். இதை முடித்துத் தொலைக்கக் கூடாதா என்று அம்மா கேட்கும்போதெல்லாம், முடிக்கத் தெரியவில்லை என்று நான் சொல்வேன். அம்மா கூடத்தில் இருந்த யாரையாவது பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பா இதை அறிந்தபோது கோணியைக் காலால் தள்ளி, ஆண்பிள்ளை செய்கிற வேலையா என்று கேட்டார். அலுவலகத்தில் யாருக்காவது தெரிந்தால் தம் மேசைக்கு எதிரில் நின்று சிரிப்பார்கள் என்றார். சல்லடையை உடைக்கச் சொன்னார். அதை உடைக்காமல் காப்பாற்றியது அக்காவைப் பெண் பார்க்கும் ஏற்பாடுதான்.

அக்கா அந்த ஆண்டுதான் பி.எஸ்சி. கணிதம் முடித்திருந்தாள், கல்லூரியில் முதலிடம். எம்.எஸ்சி. விண்ணப்பத்தை வாங்கி, நிரப்பி, தகப்பனார் கையெழுத்துக்கான கோட்டை மட்டும் காலியாக விட்டு அப்பாவின் மேசையில் வைத்திருந்தாள். அவர் அதன் மீது மையொற்றியை வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. போளூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, அது தகைந்தால் விண்ணப்பத்துக்கு வேலை இல்லை, தகையாவிட்டால் பார்க்கலாம் என்பது அவர் தீர்ப்பு. அக்கா விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய கடைசி நாளை மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை பி.காம். பெண் அவரைவிட அதிகம் தெரிந்தவளாகத் தோன்றக் கூடாது என்று அப்பா கருதினார். "படிப்பைக் கம்மியா சொல்லு. கைவேலைய ஜாஸ்தியா சொல்லு" என்று அம்மாவுக்கு உத்தரவு. அக்காலத்தில் பெண் பார்க்க வருவோர் முதலில் கூடத்துச் சுவரைத்தான் பார்ப்பார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். பாசிமணியில் கோத்த கிளி, ஒயர் கூடை, கம்பளித் தோரணம், எல்லாம் பெண்ணின் கைவேலை. எங்கள் தெருவில் ஒரே பாசிமணிக் கிளி நான்கு பெண்களின் கைவேலையாக வீடு வீடாகப் போய்வந்திருக்கிறது. அதை இரவல் வாங்கத்தான் அம்மா நினைத்தாள். ஆனால் மாப்பிள்ளையின் மாமா முந்தைய ஆண்டு இன்னொரு வரனுக்காக மூன்றாம் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கிளியைப் பார்த்துப் பாராட்டியிருந்தார்.

அக்காவுக்கு ஒரு கொக்கி தைக்கத் தெரியாது. ஆகவே அம்மாவின் பார்வை என் கோணியின் மீது விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே என் பின்னல் தோரணமாகச் சுவரில் ஏறியது. வாசல்நிலையின் மேல் தொடங்கி, படங்களுக்கு மேலாகச் சுவர் நெடுகப் போய், சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தில் இரண்டு மடிப்பாகத் தொங்கி, கடைசியில் மளிகைச் சாமான் வைக்கும் உக்கிராண அறையின் திரைக்குள் நுழைந்தது. அங்கே முடிந்தது என்று சொல்ல முடியாது. அங்கேதான் சல்லடை இருந்தது. பின்னலைக் கழற்ற முடியாது. மாவுச் சல்லடையைக் கூடத்தில் தொங்கவிடவும் முடியாது. ஆகவே சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் பருப்பு டின் மீது நான் உட்கார வேண்டும், இருமக் கூடாது, வெளியே வரக் கூடாது என்று முடிவாயிற்று. கேசரியும் பஜ்ஜியும் பிறகு தரப்படும் என்றார்கள்.

வந்தவர்கள் மூவர்: மாப்பிள்ளை, அவருடைய தாயார், அந்தக் கிளியைப் பார்த்த மாமா. திரையின் ஓட்டை வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. அக்கா வந்து வணங்கிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். படிப்பைப் பற்றிய கேள்விக்கு அப்பா, ஏதோ காலேஜுக்குப் போய்வந்தாள் என்று முடித்துக்கொண்டு சுவரைக் காட்டினார். மாமா அண்ணாந்து பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். அப்பா எந்தக் கேள்விக்கும் பதிலில்லாமல் இருந்தவரல்லர்.

"கார்த்திகைல கிரிவலம் போறப்ப குளிருமில்லீங்களா. கழுத்துல சுத்திக்க."

மாமா வாசலிலிருந்து உக்கிராண அறை வரை கண்ணால் அளந்தார். "எத்தினி பேருக்குங்க?" என்றார்.

பஜ்ஜி வாசனையும் பயமுமாக உட்கார்ந்திருந்த எனக்கு, கைகள் தாமாக வேலை செய்யத் தொடங்கியதே தெரியவில்லை. ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்று. நூலை இழுக்கும்போதெல்லாம் கூடத்தில் தோரணம் லேசாக அசைந்திருக்கிறது. மாப்பிள்ளையின் தாயார்தான் அதைப் பார்த்தார். முதலில் பல்லி என்று நினைத்தாராம். எழுந்து வந்து தோரணத்தைத் தொட்டார். பல்லி இல்லை என்று தெரிந்த பிறகும் அது அசைந்தது.

"இன்னா நீளம் இது. இதுக்குத் தல எந்தப் பக்கம்?" என்று கேட்டபடி, கிணற்றுக் கயிற்றைப் பிடிப்பது போலக் கைமாற்றிக் கைமாற்றி அதைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாக நடந்தார். அம்மா காபியை நீட்டினாள், அவர் வாங்கவில்லை. அப்பா உக்கிராண அறையில் தேள் இருப்பதாகச் சொன்னார். அந்த அம்மாள் திரையை விலக்கினார்.

நாக்கின் நுனியைக் கடித்தபடி, பருப்பு டின் மீது, மடியில் மாவுச் சல்லடையோடு நான் இருந்தேன். கொண்டை ஊசியில் ஒரு வளையம் பாதியில் நின்றது.

"எம் பையன்தாங்க. நூலைப் புடிச்சிட்டிருக்கான்" என்றார் அப்பா.

"புடிக்கலீங்க. பின்றான்" என்றார் அந்த அம்மாள்.

பிறகு அவர் அக்காவை அழைத்து, நீ இரண்டு சுற்று போட்டுக் காட்டம்மா என்று தன்மையாகத்தான் கேட்டார். அவளுக்கு இன்று விரலில் சுளுக்கு என்றாள் அம்மா. அக்கா எழுந்து வந்தாள். என் மடியிலிருந்து சல்லடையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்குப் பின்னத் தெரியாதுங்க. எல்லாம் தம்பி பண்ணது. நான் மேத்ஸ் படிச்சேன், காலேஜ்ல ஃபர்ஸ்ட்" என்றாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

"அப்ப நீயே முடிச்சுக் குடு தம்பி, பாக்கறேன்" என்றார் அந்த அம்மாள் என்னிடம். முடிக்கத் தெரியாது, கழற்றினால் அவிழ்ந்துவிடும் என்று நான் சொன்னேன். என் குரல் உடைந்ததாகச் சொல்வார்கள், எனக்கு நினைவில்லை.

அக்கா சல்லடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மனத்துக்குள் ஒரு கணக்கைப் போடும்போது அவள் புருவம் ஒன்று மட்டும் ஏறும், அப்போதும் ஏறியது. ஒரு நிமிடத்துக்குமேல் ஆகியிருக்காது. கோணி ஊசி கேட்டாள். உருண்டையிலிருந்து நூலை ஒரு முழம் விட்டு அறுத்தாள்.

"இதுல ஒண்ணுமில்ல. அவிழாம ஒவ்வொரு வளையத்தையும் இப்ப ஆணிதான் புடிச்சிட்டிருக்கு. இந்த நூலையே ஊசில கோத்து இருவத்தி நாலு வளையத்துக்குள்ளயும் விட்டுட்டா, ஆணி பண்ற வேலைய நூலு பண்ணும். அப்பறம் ஆணி எதுக்கு? பாவாடைக்கு நாடா கோக்கறோம்ல, அதேதான்."

மாப்பிள்ளையின் முன்னிலையில் அந்தச் சொல் விழுந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா கூரையில் எதையோ தேடினார். அதுவரை தலையைத் தூக்காத மாப்பிள்ளை அப்போதுதான் சிரித்தார். அக்கா எதையும் கவனிக்கவில்லை. இருபத்து நான்கு வளையங்களுக்குள்ளும் ஊசியை ஓட்டி, ஆணிகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள். பின்னலின் வாய் சுருங்கி மூடிக்கொண்டது. சல்லடை காலியாக என் கைக்கு வந்தது. மூன்று மாதங்களுக்குப் பிறகு என் மடியில் கனமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மகிழ்ச்சி என்று சொல்லவும் முடியாது.

அவர்கள் காபி குடித்துவிட்டு, சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பஜ்ஜி எனக்குக் கொடுக்கப்படவில்லை.

வியாழக்கிழமை ஒரு தபால் அட்டை வந்தது. அட்டை என்பதால் தபால்காரர் படித்திருந்தார். அவர் படித்ததால் தெரு அறிந்திருந்தது. ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருத்தம் போதவில்லை என்று முதல் வரியில் இருந்தது. 'தங்கள் பையனை எங்கள் எல்லோருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. சல்லடை என்ன அளவு, ஆணி எத்தனை என்று அவனைக் கேட்டு எழுதினால் உதவியாக இருக்கும்' என்று மீதி இருந்தது. நண்பர்களே, பந்தியில் சிரிக்கப்பட்ட செய்தியின் மூலம் இதுதான். அவர்களுக்குப் பிடித்தது பையனின் சல்லடை. பையனை யாரும் பெண்ணுக்குப் பதிலாகக் கேட்கவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதைச் சொல்ல மட்டுமல்ல என்று இப்போது தோன்றுகிறது.

விண்ணப்பத்துக்கு இரண்டே நாள் மீதமிருந்தது. அட்டையைப் படித்துவிட்டு அப்பா மேசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா வந்து எதிரில் நின்றாள். மையொற்றியை நகர்த்தி, அடியிலிருந்த தாளை எடுத்து, அவர் முன்னால் நேராக வைத்தாள். நான் கதவோரம் இருந்தேன். அவர் திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை.

"அந்த முடிச்சு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுப்பா. அப்பதான் பாத்தேன்."

"மூணு மாசமா வீடே அதை வெச்சுக்கிட்டு அல்லாடுது. பாய் கிட்ட எல்லாம் கொண்டுபோனான். நீ முதல்லியே பண்ணிக் குடுத்திருந்தா, அன்னிக்கு இப்படி ஆயிருக்குமா?"

"நீங்க யாரும் என்னைக் கேக்கவே இல்லியேப்பா" என்றாள் அக்கா.

குரலை உயர்த்தவில்லை. குறையாகவும் சொல்லவில்லை; தாலுகா அலுவலகத்தில் ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். அப்பாவுக்கு விழுந்த அந்த வாக்கியம் கதவோரம் நின்ற எனக்கும் விழுந்தது. மூன்று மாதங்கள், ஒரே கூடத்தில், நான்கடி தொலைவில் அவள் பென்சிலோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய ஹேர்பின்னை எடுத்தேன். ஜியாமெட்ரி பெட்டியை எடுத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டது அவளைப் பார்த்துத்தான். கத்தரிக்கோல் வைத்திருந்த பாயிடம் போனேன். அவளிடம் போகவில்லை. பிற்காலத்தில் எனக்கு வந்த அத்தனை பட்டங்களையும் வைத்துக்கொண்டு யோசித்தும், ஏன் போகவில்லை என்பதற்கு மதிக்கத்தக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை.

அப்பா பேனா மூடியைத் திருகினார். அலுவலகத் தாள்களில் போடும் சுருக்கக் கையெழுத்தை அவர் போடவில்லை. முழுப்பெயரையும், தம் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, நிதானமாக எழுதினார். பிறகு பேனாவை உயர்த்திப் பிடித்தபடி நிறுத்தினார்.

"இன்னிக்கு என்னம்மா தேதி?" என்று அக்காவைக் கேட்டார்.

அவர் முகத்துக்கு நேரே, சுவரில், தாள் கிழிக்கும் நாட்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அவர்தான் கிழித்திருந்தார்.